காளை, சிங்கம், அப்புறம் ஏழு

ரோமப் பேரரசன் மூன்றாம் கோர்டியன் காலத்தது, ரோம் நகர அச்சு என்று சொல்லித்தான் அந்த வெண்கலக் காசை விற்றார்கள், நானும் நம்பி உறையில் அப்படியே எழுதி வைத்துவிட்டேன். ஆனால் ரோமில் அடித்த பெரிய வெண்கலக் காசுகளில் வழக்கமாக இருக்கும் எஸ் சி எழுத்துகள் (செனட் அவையின் ஆணைப்படி என்பதன் லத்தீன் சுருக்கம்) இதில் கண்ணில் படவே இல்லை, மண் வேறு அப்பிக் கிடந்தது. எலுமிச்சை, அமிலம் எதையும் தொடவில்லை (மேலே இருக்கும் பச்சைப் படலம் போனால் காசே போன மாதிரி). காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றி, பல்குச்சியால் மெல்லச் சுரண்டினேன். பத்து நாள் கழித்து மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால், நடுவில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு பக்கம் காளை, மறுபக்கம் சிங்கம்!

அப்படியானால் காசை அடித்த இடம் விமினாகியம், இன்றைய செர்பியாவில் கோஸ்டொலாட்ஸ் அருகே இருந்த ரோம ஊர். காளை அந்தப் பகுதியில் இருந்த ஏழாம் கிளாடியா என்ற ரோமப் படையணியின் சின்னம், சிங்கம் நான்காம் ஃபிளாவியாவுடையது. சரி, ஊர் கிடைத்தது, அரசன் யார்? அடியில் ‘ஆன்’ (ஆண்டு என்பதன் லத்தீன் சுருக்கம்) என்பதற்குப் பக்கத்தில் ஒரு வி, இரண்டு கோடு, அதாவது ஆண்டு ஏழு. இந்த ஊர்க் கணக்கு கி.பி. 239இல் தொடங்குகிறது, ஆக 245-246. கோர்டியனோ 244இலேயே செத்துப் போயிருந்தான். தேய்ந்த முகத்தை மறுபடி பார்த்தேன், தாடையில் குட்டைத் தாடி. கோர்டியனுக்கு அடுத்து ஆண்ட முதலாம் பிலிப்! உறையைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினேன்.