காலை வாக்கிங் மட்டும் போதாது: சுகர் இருப்பவர்கள் எப்போது, எப்படி நடப்பது

சுகர் என்று தெரிந்த மறுநாளே ஊர் முழுக்கச் சொல்வது ஒன்றுதான், "வாக்கிங் போங்க." எப்போது போவது, சாப்பிடும் முன்பா பின்பா, மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமா, பாதம் மரத்துப் போனவர் என்ன செய்வது, இதைக் கேட்டால் பதில் வராது. நானும் முதல் இரண்டு வருடம் விடியற்காலையில் எழுந்து ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு, கடமை முடிந்தது என்று மீதி நாள் முழுக்க நாற்காலியிலேயே கிடந்தேன். வெறும் வயிற்றில் அளவு பரவாயில்லை. மதியம் சாப்பிட்ட பிறகு ஒருநாள் தற்செயலாகக் குத்திப் பார்த்தால் 248. நடை வீணாகவில்லை, ஆனால் சர்க்கரை ஏறுகிற நேரத்தில் நான் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

சரி, நடந்தால் சர்க்கரை ஏன் இறங்குகிறது? தசைச் செல்லுக்குள் குளூட்4 என்று ஒரு புரதம் இருக்கிறது. இன்சுலின் வந்து கூப்பிட்டால் அது செல்லின் மேல்பரப்புக்கு வந்து ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை உள்ளே இழுக்கும். டைப் 2 உள்ளவர்களுக்கு இன்சுலின் கூப்பிடுவது தசையின் காதில் சரியாக விழுவதில்லை, அதுதான் கோளாறே. ஆனால் தசை சுருங்கி விரிந்து வேலை செய்தால், இன்சுலின் கூப்பிடுகிற வரை காத்திருக்காமல் அதே புரதம் தானாக மேலே வந்துவிடும். மாத்திரை செய்ய முடியாத ஒரு காரியத்தைக் கால் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, நடையை நிறுத்திய பிறகும் தசை இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாகக் காதுகொடுக்கும். இந்த நிலை ஒரு நாள், சிலருக்கு மூன்று நாள் வரை நீடிக்கும், அதற்குமேல் பழையபடிதான். அதனால்தான் இரண்டு நாளைக்கு மேல் தொடர்ந்து இடைவெளி விடாதீர்கள் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் நடந்து வாரக் கணக்கைத் தீர்க்கும் ஆட்களுக்கு இது பிடிக்காது.

இப்போது நேரத்துக்கு வருவோம். சாப்பிட ஆரம்பித்து சுமார் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை உச்சிக்குப் போகும். அந்த ஏற்றத்தில் குறுக்கே விழுவதுதான் நம் வேலை. கை கழுவி, பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, அரை மணி நேரத்துக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் டைப் 2 உள்ள 41 பேரை வைத்து இதைச் சோதித்து, முடிவை 2016இல் வெளியிட்டார்கள். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் மொத்தமாக 30 நிமிடம் நடப்பது ஒரு முறை, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடப்பது இன்னொரு முறை. மொத்த நிமிடம் ஒன்றேதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். இரவில்தான் நாம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்கிறோம், அதனால் ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவைத் தேர்ந்தெடுங்கள்.

என்னை நம்ப வேண்டாம், உங்கள் மீட்டரைக் கேளுங்கள். இரண்டு நாள், ஒரே சாப்பாடு, ஒரே அளவு, ஒரே நேரம். முதல் நாள் சாப்பிட்டதும் உட்கார்ந்துவிடுங்கள், இரண்டாம் நாள் பதினைந்து நிமிடம் நடங்கள். இரண்டு நாளும் சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து சரியாக ஒன்றரை மணி நேரத்தில் ஒரு முறை குத்திப் பாருங்கள். குத்தும் முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், பழம் உரித்த விரலில் குத்தினால் அந்தப் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து கணக்கில் ஏறி, இல்லாத பயத்தைக் காட்டும். இரண்டு எண்ணையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எனக்கு முதல் முறை 50 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தது, அதற்கப்புறம் யாரும் என்னை நடக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவ்வளவுதான் அளவுகோல். இந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு, ஆனால் இதுவரை நடக்காதவர் ஐந்து நிமிடத்தில் தொடங்கினால் போதும், வாரம் ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். உட்கார்ந்தே பார்க்கும் வேலையென்றால் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நகருங்கள். போன் வந்தால் நின்றுகொண்டு பேசுவது எனக்குப் பழகிவிட்டது.

நடையை மட்டும் பிடித்துக்கொண்டு தசைக்கு வேலை கொடுக்காமல் விடுவது பெரிய தவறு, அதுவும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சாப்பிட்ட சர்க்கரை போய்த் தங்கும் பெரிய கிடங்கு தசைதான், வயதாக ஆக அந்தக் கிடங்கு சுருங்குகிறது. ஜிம் தேவையில்லை. நகராத, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் இடுப்பளவு அகலத்தில் வைத்து, கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள், அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். உட்காரும்போதுதான் விஷயமே இருக்கிறது: தொப்பென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே மெல்ல இறங்குங்கள், தொடை நடுங்கினால் சரியாகச் செய்கிறீர்கள். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு பத்து. கூடவே சுவரில் கை வைத்துத் தள்ளும் தண்டால் பத்து. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

கடும் வேகத்தில் ஓடினாலோ அதிக எடை தூக்கினாலோ முடித்தவுடன் சர்க்கரை ஏறியிருக்கலாம். அட்ரினலின் சுரந்து கல்லீரலிலிருந்து சர்க்கரையை அவிழ்த்து விடுவதால் வருவது அது, பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும்.

லோ சுகர், அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவதுதான், உண்மையான ஆபத்து. ஆனால் எல்லாருக்கும் இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு நடையால் லோ ஆவது அபூர்வம். இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு மாத்திரை எடுப்பவர்கள், இவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு காலை உணவைத் தள்ளிப்போட்டு நடந்த ஒருநாள் எனக்குப் பாதி வழியில் உள்ளங்கை ஈரமாகி, கண்ணெதிரே இருக்கும் பலகையின் எழுத்து படிக்க முடியாமல், காரணமில்லாமல் கூட வந்தவர் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலும் ஓர் அறிகுறி என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இந்த மருந்துகளில் இருப்பவர்கள் கிளம்பும் முன் ஒரு முறை பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வழியில் 70க்குக் கீழே போனாலோ, மீட்டர் இல்லாமல் அறிகுறி மட்டும் வந்தாலோ, உடனே உட்கார்ந்து 15 கிராம் சர்க்கரை: மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது அரை டம்ளர் பழச்சாறு, அல்லது குளுக்கோஸ் மாத்திரை. பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் சட்டென்று வேலை செய்யாது, ஏனென்றால் அதை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். மாலையில் வழக்கத்தைவிட அதிகமாக உடம்பை வருத்தியிருந்தால் லோ நடுராத்திரியில் வரலாம், படுக்கும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இன்சுலினை நடக்கப்போகும் தொடையில் போடாமல் வயிற்றில் போடுவது நல்லது, வேலை செய்கிற காலில் போட்டால் அது வேகமாக ரத்தத்தில் கலந்துவிடும்.

மறுபக்கமும் இருக்கிறது. டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலினே சரியாகச் சுரக்காத வகை, உள்ளவருக்குச் சர்க்கரை 250க்கு மேல் இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அன்று நடையும் வேண்டாம், உடற்பயிற்சியும் வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

கால் உணர்ச்சி குறைந்தவர் ஷூவைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே போட வேண்டும். ஒரு சின்னக் கல் உள்ளே இருந்தாலும் காலுக்குத் தெரியாது, சாக்ஸைக் கழற்றும்போது ரத்தம்தான் தெரியும். வெறுங்காலில் நடப்பது கூடவே கூடாது, வந்ததும் விரலிடுக்கு வரை பாருங்கள், உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடியுங்கள். விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருப்பதாகக் கண் மருத்துவர் சொல்லியிருந்தால் எடை தூக்குவதும் தலைகீழாகக் குனியும் ஆசனமும் அவர் அனுமதி இல்லாமல் வேண்டாம். நெஞ்சில் அழுத்தமோ, தாடை வலியோ, வழக்கமில்லாத மூச்சிரைப்போ வந்தால் நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சுகர்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும்.

ஒழுங்காக நடக்க ஆரம்பித்த சில வாரங்களில் அடிக்கடி லோ ஆகிறது என்றால் பயந்துபோய் நடையை விட்டுவிடாதீர்கள், மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். தேதி, நேரம், நடந்த நிமிடம், முன்னும் பின்னும் அளவு எழுதிய அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், "டோஸைக் குறைக்கலாமா?" என்று கேளுங்கள். என் கிளிமிபிரைடு 2 மில்லிகிராமிலிருந்து 1 ஆனது அப்படித்தான்.