முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்: பள்ளிக்கூட ஆய்வுகூடப் பாதுகாப்பு

செய்முறைப் பாடவேளைக்கு முகவை, சோதனைக்குழாய் எல்லாம் எடுத்து வைக்க முதல், தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பல பள்ளிக்கூடங்களில் தண்ணீர் கிணற்றிலிருந்து மோட்டரில் மேல்தாங்கிக்கு ஏறித்தான் வருகிறது. கரண்ட் நின்று தாங்கி வற்றினால் குழாயில் காற்றுத்தான் வரும். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் என்பதால் குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டித் திருகும் இறுகிப்போகும். கண்ணில் அமிலம் தெறித்த பிள்ளை முன்னால் நிற்கும்போது இது தெரியவரக் கூடாது.

கண்ணை 20 நிமிடம் கழுவ வேண்டும். நிமிடத்துக்கு 2 லீற்றர் என்று மெதுவாக விட்டாலே 40 லீற்றர் தேவை. ஆகவே அடியில் குழாய் பூட்டிய, மூடியுள்ள 50 லீற்றர் பரல் ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்தில் உயரமாக வையுங்கள். தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். மத்தியானப் பாடவேளை என்றால் வெயிலில் கிடந்த குழாயில் முதலில் சுடுதண்ணீர் வரும். பாடம் தொடங்குமுன்பே அதை ஓடவிட்டுக் கழித்துவிடுங்கள்.

உடை பற்றி நீட்டத் தேவையில்லை. மூடிய சப்பாத்து, பாதுகாப்புக் கண்ணாடி, சேர்ட்டுக்குள் செருகிய கழுத்துப்பட்டி. இரட்டைப் பின்னலும் ரிபனும் முன்னால் விழாமல் பின்னால் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும்; குனிந்து சுவாலையைப் பார்க்கும்போது முதலில் பற்றுவது பின்னல் நுனிதான்.

செறிந்த அமிலத்தை ஐதாக்கும்போது

98 சதவீத சல்பூரிக் அமிலத்தின் செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 18 மோல். லீற்றருக்கு 1 மோல் கரைசல் 1 லீற்றர் வேண்டுமானால் 56 மில்லிலீற்றர் அமிலம் போதும். 1 லீற்றர் பைரெக்ஸ் முகவையில் முதலில் 500 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரை எடுத்து, முகவையைக் குளிர்ந்த தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்குங்கள். அமிலத்தைக் கண்ணாடிக்கோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு வந்தால் நிறுத்தி, ஆறியபின் தொடருங்கள். முழுதும் ஆறிய பிறகே கனமானக் குடுவைக்கு (கனவளவுக் குறியுள்ள குடுவை) மாற்றிக் குறிவரை நிரப்புங்கள்.

மாறி, அமிலத்துக்குள் தண்ணீரை விட்டால் என்ன நடக்கும்? அமிலத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.84 மடங்கு. இலேசான தண்ணீர் மேலே மிதந்து, கலக்கும் இடத்தில் பிறக்கும் சூட்டில் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் இழுத்துக்கொண்டு முகத்துக்குத் தெறிக்கும். அளவுசாடியிலோ போத்தலிலோ வைத்தும் ஐதாக்க வேண்டாம். அந்தச் சூட்டுக்குத் தடித்த கண்ணாடி வெடித்துவிடும்.

குழாயியை (திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெற்றை) வாயால் உறிஞ்சும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். குழாயியின் நுனி திரவ மட்டத்துக்கு மேலே வந்த கணமே, உள்ளே இருப்பது அப்படியே வாய்க்குள் பாயும். இறப்பர்க் குமிழ் ஒன்று பெரிய செலவில்லை.

மதுசார விளக்கு

எங்கள் ஆய்வுகூடங்களில் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். மதுசாரச் சுவாலை வெளிறிய நீலம். யன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் போத்தலைச் சரித்தால், ஆவி பற்றிப் போத்தல் வாயிலிருந்து தீ பீறிட்டு எதிரே நிற்கும் பிள்ளைமீது பாயும். எனவே நிரப்புவது பாடம் தொடங்குமுன், விளக்கு முழுதாக ஆறிய நிலையில், புனல் வைத்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்படாமல். மதுசாரப் போத்தலை உடனே மூடி, அலுமாரியில் பூட்டிவிடுங்கள். பாடத்தின் நடுவில் தீர்ந்தால் அந்த விளக்கை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். ஒரு விளக்கைச் சரித்து மற்றதில் கொளுத்தக் கூடாது. அணைப்பது மூடியால், வாயால் ஊதக் கூடாது. சோளகம் வீசும் மாதங்களில் காற்று வரும் பக்கத்து மேசையில் விளக்கு வேண்டாம். அதற்காக எல்லா யன்னலையும் சாத்திவிடவும் வேண்டாம். வாயுக்கள் வெளியேற வழி இருக்க வேண்டும்.

சோதனைக்குழாயில் திரவம் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்கட்டும். மேல் நுனிக்கருகில் பிடியால் பிடித்து, சரித்து, சுவாலையில் அசைத்துக்கொண்டே சூடாக்குங்கள். அடியை மட்டும் சூடாக்கினால் அங்கே திடீரென உருவாகும் ஆவி மேலுள்ள திரவம் முழுவதையும் வெளியே தள்ளும். எதிரெதிரே பிள்ளைகள் இருக்கும் மேசைகளில் குழாய் வாய் எப்போதும் ஆளில்லாத சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும்.

பொற்றாசியம் பரமங்கனேற்றைச் சூடாக்கி ஒட்சிசன் சேர்க்கும்போது, குழாய் வாயில் கண்ணாடிப்பஞ்சு வையுங்கள். சாதாரணப் பஞ்சு எரியும். முடிக்கையில் முதலில் வாயுவைக் கொண்டுபோகும் போக்குக்குழாயைத் தண்ணீரிலிருந்து எடுங்கள், பிறகு விளக்கை அகற்றுங்கள். முறை மாறினால் ஆறும் குழாய் தண்ணீரை உள்ளே உறிஞ்சிச் சூடான கண்ணாடி வெடிக்கும். பரமங்கனேற்றும் கிளிசரினும் ஒரே தட்டில் இருக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் தீக்குச்சி இல்லாமலே பற்றும்.

சோடியம் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர்ந்த மணலால் மூடுங்கள். மாரியில் மணல் வாளி ஈரம் குடிக்கும். மழை விட்டதும் வெயிலில் பரப்பிக் காயவைத்து, மூடியுடன் வையுங்கள்.

விபத்து நடந்தால்

கண்ணில் பட்டால்: பட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சரித்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை ஓடவிடுங்கள். பிள்ளை துடித்தாலும் 20 நிமிடத்துக்கு முன் நிறுத்த வேண்டாம். சோடியம் ஐதரொட்சைட்டு என்றால் இன்னும் அவசரம். காரமானது கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டு கண்ணின் ஆழத்துக்கு இறங்கும். அமிலத்துக்குக் காரம், காரத்துக்கு அமிலம் என்று கண்ணிலோ தோலிலோ ஊற்றுவது பிழை.

சூட்டுக் காயத்துக்கும் 20 நிமிட ஓடும் தண்ணீர்தான். பற்பசை, மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம்.

ஒருவர் கழுவிக்கொண்டிருக்க, மற்றவர் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை கழுவுவதை விடாதீர்கள். பட்ட பொருளின் பெயர், செறிவு, பட்ட நேரம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிப் பிள்ளையோடு வைத்தியசாலைக்குப் போகிறவரின் கையில் கொடுங்கள்.