கனடா மருந்தாளுநர் பதிவும் என் இனிஷியலும்: என் அனுபவம்

தமிழ்நாட்டில் பி.ஃபார்ம் முடித்துக் கனடாவில் மருந்தாளுநராக விரும்புவோர், முதலில் அந்நாட்டின் ஃபார்மசிஸ்ட்ஸ் கேட்வே தளத்தில் தேசிய அடையாள எண்ணைப் பெற்று, பிறகே கனடாவின் மருந்தாளுநர் தேர்வு வாரியமான PEBC-யின் ஆவண மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்தும், பதிவுச் சான்று நாம் பதிவு செய்துள்ள மாநில மருந்தியல் கவுன்சிலிலிருந்தும் வாரியத்துக்கு நேரடியாகச் செல்ல வேண்டும்.

என் விண்ணப்பம் பெயரில் நின்றது. பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன் 'எஸ்.' என்ற இனிஷியல் மட்டுமே இருக்க, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக இருந்தது. நம் ஊரில் யாரும் கேள்வி கேட்காத இந்த வேறுபாடு, அங்கே இரு வேறு நபர்களாகத் தோன்றுவது இயல்புதான்.

இரண்டு பெயர்களையும் சான்றுகளில் அச்சாகியுள்ளபடியே, புள்ளியும் இடைவெளியும் மாறாமல் எழுதி, இரண்டும் என்னையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்தேன். அதை வாரியத்துக்கு அனுப்பியதோடு, இரு பெயர்களும் பதிவுச் சான்றில் இடம்பெற வேண்டுமென ஒரு நகலை இணைத்துக் கவுன்சிலுக்கும் எழுதினேன். புதிய சான்று சென்றபின் மதிப்பீடு நகர்ந்தது. மதிப்பீட்டுத் தேர்வும், இரு பகுதிகளாக நடக்கும் தகுதித் தேர்வும் அதன்பிறகே வரும் என்பதால், பெயரை விண்ணப்பிக்கும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.