நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்கியது: காரணம் ஆல்டர்னேட்டர் டயோடு

ராத்திரி நிறுத்தினால் காலையில் செல்ஃப் எடுக்காது, டக் டக் என்று சத்தம் மட்டும்தான். பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதிது போட்டும் அதே கதை. டெர்மினலைச் சுத்தம் செய்து, ஸ்டீரியோ ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டர் 13.8 வோல்ட் காட்டியதால், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை யாரும் சந்தேகப்படவே இல்லை.

அப்புறம் ஒரு விடியற்காலை பானெட்டைத் திறந்து கை வைத்தால், இன்ஜின் ஜில்லென்று இருக்கிறது, ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது! உள்ளே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு பழுதாகி, ராத்திரி முழுக்க பேட்டரி கரண்ட் அதன் வழியே போயிருக்கிறது. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஓடும் இன்ஜினில் பேட்டரி முனைகளில் வைத்தேன், 0.9 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே டயோடைச் சந்தேகப்படலாம்.

சர்வீஸ் சென்டரில் ஆல்டர்னேட்டரை முழுசாக மாற்ற 16,500 ரூபாய் சொன்னார்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியன், டயோடுகள் இருக்கும் ரெக்டிஃபையர் பிளேட், கார்பன் பிரஷ், பேரிங் மட்டும் மாற்றி 3,400 வாங்கினார், அப்பாடா என்று இருந்தது. காயில் கருகியிருந்தால் புதிது வாங்குவதே சரி, டயோடும் பிரஷும்தான் என்றால் அவ்வளவு பணம் வீண். பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவை எடுக்கச் சொல்லுங்கள், ஆல்டர்னேட்டருக்குப் போகும் தடித்த வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும்.