காரை விட்டுவிட்டு நீஸுக்குப் போங்கள்

பாரிஸில் லா ஷாப்பல் கடைத்தெருவில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, ஏப்ரல் பிறந்தால் யாராவது என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "இந்த வருஷம் நீஸ் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். பிள்ளைகளோடு சரிப்பட்டு வருமா? செலவு கையைக் கடிக்குமே?" பிரான்சின் தென்கிழக்குக் கரை என்றால் கோடீஸ்வரர்களின் படகுகள், கான் திரைப்பட விழா, மொனாக்கோ சூதாட்ட மாளிகை என்றுதான் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. நான் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்ப்பவள். சைவம் மட்டும் சாப்பிடும் மாமியார், இரண்டு பிள்ளைகள், எங்கே போனாலும் கார் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீட்டுக்காரர் என்று ஒரு படையோடு போய்வருகிறவள். நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: நீஸில் ஒரே வீட்டில் தங்குங்கள், மற்ற ஊர்களுக்கெல்லாம் ரயிலில் போய்வாருங்கள்.

அந்த மண்ணின் அமைப்பே அப்படி. ஆல்ப்ஸ் மலை அங்கே நேராகக் கடலில் இறங்குகிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த ஒடுக்கமான இடத்தில் கான், ஆந்தீப், நீஸ், வில்ஃப்ரான்ஷ், மொனாக்கோ, மாந்தோன் என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. மாந்தோனைத் தாண்டினால் இத்தாலி. எல்லாவற்றையும் ஒரே ரயில் பாதை கோத்துக்கொண்டு போகிறது. நீஸிலிருந்து வில்ஃப்ரான்ஷுக்கு பத்து நிமிடம்கூட ஆகாது, மொனாக்கோவுக்கு அரை மணிக்குள், மாந்தோனுக்கு ஏறத்தாழ முக்கால் மணி. ஜூலை, ஆகஸ்டில் இதே தூரத்தைக் காரில் கடப்பவர் முன்னால் நிற்கும் காரின் பின்விளக்கைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். பிறகு வண்டியை நிறுத்த இடம் தேடும் படலம் வேறு. இத்தாலிப் பக்கம் போகும் ரயிலில் வலப்புற ஜன்னல் கடலுக்கு. ஏறும்போதே பிள்ளைகளை அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

பாரிஸிலிருந்து பகல் ரயிலில் ஆறு மணி நேரம் போல ஆகும். என் ஓட்டு இரவு ரயிலுக்குத்தான். நிறுத்தி வைத்திருந்த அந்த ரயிலை 2021-ல் மீண்டும் விட்டார்கள். ஆஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து புறப்படுகிறது. இரண்டாம் வகுப்பில் ஒரு அறைக்கு ஆறு பெர்த். காலையில் சான் ரஃபாயேல் தாண்டியதும் எல்லோரையும் எழுப்பிவிடுங்கள். எஸ்தெரேல் மலையின் சிவந்த பாறைகள் ஜன்னலை ஒட்டி வரும். பாறையின் இடுக்கில் திடீரென்று நீலம் தெரியும், ஒரு சுரங்கம் வந்து மறைக்கும், மறுபடி தெரியும். கான் வரைக்கும் இந்தக் கண்ணாமூச்சிதான். எங்கள் வீட்டுக்காரர் காரைப் பற்றிய பேச்சை விட்டது அந்தப் பாதையில்தான். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு விமான நிலையம் நீஸ் நகரத்தின் விளிம்பிலேயே, கடலை ஒட்டி இருக்கிறது. டிராம் வாசலிலிருந்தே ஊருக்குள் கொண்டுவந்து விடும்.

முடிந்தால் ஜூனிலோ செப்டம்பரிலோ போங்கள். என்னைப் போலப் பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டவர்களுக்கு ஆகஸ்ட் கடைசி வாரம் இருக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் என்பதால், புத்தகப்பை வாங்கும் அவசரத்தில் பிரெஞ்சுக் குடும்பங்கள் ஊர் திரும்பத் தொடங்கியிருக்கும். கடல் நீரோ கோடை முழுதும் வெயில் குடித்து வெதுவெதுப்பாக இருக்கும். இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் அங்கே மழை கொட்டித் தீர்க்கும். மலிவாக அறை கிடைக்கிறதே என்று நவம்பரில் போகாதீர்கள்.

வீடு எடுக்கும்போது ரயில் நிலையத்துக்கோ டிராம் பாதைக்கோ பக்கமாக எடுங்கள். பழைய நகரத்தின் சந்துகள் பார்க்க அழகு, இரவில் தூங்கத்தான் விடாது. மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: லிஃப்ட் இருக்கிறதா, அறையில் ஏசி இருக்கிறதா, சமையலுக்கு அடுப்பு இருக்கிறதா, மைக்ரோவேவ் மட்டும்தானா. நான் ஒரு சின்ன ரைஸ் குக்கரையும் எடுத்துப்போகிறேன். இரவில் மோர்சாதமும் ஊறுகாயும் கிடைத்துவிட்டால் மாமியார் மறுநாள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார்.

கடற்கரையைப் பற்றி முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நீஸில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். வாளியும் மண்வாரியும் எடுத்துப்போகும் பிள்ளை அழும். தண்ணீரில் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு ஆளுக்கு ஒரு ஜோடி கட்டாயம் வேண்டும். பாரிஸிலேயே விளையாட்டுப் பொருள் கடையில் வாங்கிவிடுங்கள். முக்கியமான விஷயம், நாலு அடி எடுத்துவைத்தாலே அங்கே ஆழம் வந்துவிடும். புதுச்சேரிக் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு அலை இல்லாத கடல் அமைதியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அந்தச் சரிவு ஆபத்து. கைப்பட்டை மிதவையோடுதான் இறக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வில்ஃப்ரான்ஷ்தான் இடம். ரயில் நிலையத்திலிருந்து படி இறங்கினால் கடற்கரை. கரகரப்பான மணல், விரிகுடாவுக்குள் அடங்கிய தண்ணீர். ஆந்தீப்பில் பழைய நகரத்துக் கோட்டைச் சுவரை ஒட்டி கிராவெத் என்று ஒரு சின்ன மணற்கரை இருக்கிறது, அதுவும் நல்லது. காலை பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள், அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு போங்கள். கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரம் இல்லை. நடுப்பகலில் கடற்கரையில் கிடப்பதை வெள்ளைக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

சில நாட்களில் ஊதா நிறத்துச் சொறிமுட்டைகள், அதாவது ஜெல்லிமீன்கள், கரைக்கு ஒதுங்கும். தண்ணீரில் இறங்கும் முன் காவலர் மேடையில் என்ன கொடி பறக்கிறது என்று பாருங்கள், இறங்கிக் குளித்தவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பட்டுவிட்டால் கடல்நீரால்தான் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் எரிச்சல் கூடும். தேய்க்கவும் கூடாது.

இனிச் சாப்பாடு. நீஸின் பழைய நகரத்தில் குர் சலேயா சந்தை செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலையில் கூடும். திங்கட்கிழமை போனால் பழம்பொருள் கடைகள்தான் இருக்கும், காய்கறி இருக்காது. ஜூலையில் பீச்சும் ஆப்ரிகாட்டும், ஆகஸ்ட் போகப்போக அத்திப்பழம். சீமைச் சுரைக்காயின் மஞ்சள் பூவைக் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். அதை மாவில் தோய்த்துப் பொரித்தும் விற்பார்கள். சந்தையின் ஓரத்து மேசைகளில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், காட்சிக்கும் சேர்த்துக் காசு. இரண்டு சந்து உள்ளே போய் சொக்கா சுடும் கடையைத் தேடுங்கள்.

சொக்கா என்பது கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். முட்டை இல்லை, பால் இல்லை. பெரிய வட்டச் செப்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி, விறகு அடுப்புக்குள் தள்ளுவார்கள். மேலே அங்கங்கே கருகிக் கொப்புளம் விட்டதும் வெளியே இழுத்து, தகட்டால் சுரண்டிச் சுரண்டி எடுத்துக் காகிதத் தட்டில் போட்டு, மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவித் தருவார்கள். ஓரம் மொறுமொறுவென்றும் நடு பதமாகவும், தேங்காய் எண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெயில் வார்த்த அடையைப் போல இருக்கும். கையால்தான் சாப்பிட வேண்டும். நின்றபடியே, சுடச்சுட. ஆறிவிட்டால் தோல்தான். தட்டு வெளியே வரும் நேரம் பார்த்து வரிசையில் நில்லுங்கள். பாதி காலியான தட்டிலிருந்து எடுத்துத் தந்தால் அடுத்த தட்டுக்குக் காத்திருப்பதாகச் சொல்லுங்கள். மாமியார் முதல் நாள் ஒரு தட்டைச் சாப்பிட்டுவிட்டு, "கொஞ்சம் பெருங்காயம் போட்டிருக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து வருவதில் அது பெரிய பாராட்டு.

இந்தச் சாப்பாட்டில் இத்தாலியின் வாசனை வீசினால் வியப்பில்லை. 1860 வரை நீஸ் இத்தாலியப் பக்கத்துச் சார்தீனியா அரசின் கையில் இருந்த ஊர். சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் விழிப்பாக இருங்கள்: வெங்காயத்தை வதக்கிப் பரப்பிய பிஸலதியேர் பார்க்க அப்பாவியாக இருக்கும், மேலே நெத்திலி வகை மீன் கிடக்கும். நீஸ் ரவியோலிக்குள் வைப்பது பெரும்பாலும் மாட்டிறைச்சி. பயணத்தில் கட்டிக்கொண்டு போக பான் பன்யா நல்லது. சூரை மீன், முட்டை, தக்காளி வைத்து ஆலிவ் எண்ணெய் ஊறிய வட்ட ரொட்டி. ஒன்றை இரண்டு பிள்ளைகள் பங்கிடலாம். உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாக இருந்தால் மதியம் போங்கள். அன்றைய சாப்பாடு என்று கரும்பலகையில் எழுதியிருப்பது இரவு விலையைவிடக் குறைவு. இரண்டு மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். குழாய்த் தண்ணீரை ஜாடியில் கேளுங்கள். அதற்குக் காசு வாங்கக் கூடாது. பிள்ளைகளுக்கான தனிப் பட்டியலில் எங்கேயும் பொரித்த கோழித்துண்டும் உருளைக்கிழங்கும்தான். பள்ளியில் தினமும் அதைத்தான் பரிமாறுகிறேன், விடுமுறையிலும் அதற்குக் காசு கொடுக்க மனம் வருவதில்லை. பெரியவர்கள் தட்டிலிருந்து பகிர்ந்து கொடுங்கள்.

நீஸுக்குள் பார்க்க வேண்டியவற்றில் பாதி இலவசம். கோட்டைக் குன்றுக்கு லிஃப்ட் உண்டு, டிக்கெட் இல்லை. கோட்டையைப் பதினான்காம் லூயி 1706-ல் இடித்துத் தள்ளிவிட்டார். இப்போது அங்கே நிழலும் செயற்கை அருவியும் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலும்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் குன்றிலிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்கும். கைக்குழந்தை இருந்தால் முன்பே காதைப் பொத்துங்கள். ஊரில் வம்பளந்துகொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப மறந்த மனைவிக்காக, குளிர்காலம் கழிக்க வந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கிவைத்த வழக்கம் என்று கதை சொல்கிறார்கள். சமைத்தது யார் என்று மட்டும் கதை சொல்வதில்லை. மாலையில் மசேனா சதுக்கத்தை ஒட்டிய பூங்காவில் தரையிலிருந்து தண்ணீர் பீறிடும் இடத்துக்கு மாற்று உடையோடு போங்கள். ஓவியர் ஷகாலின் அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், செவ்வாய் விடுமுறை.

வெளியூருக்கு ஒரு நாளைக்கு ஓர் ஊர்தான். மொனாக்கோவில் பிள்ளைகளுக்கு 1910-ல் திறந்த கடலியல் அருங்காட்சியகம் போதும். கட்டணம் கொஞ்சம் அதிகம்தான், கொடுக்கலாம். மேடும் பள்ளமுமான ஊர் என்றாலும் தெருவிலேயே பொது லிஃப்ட்டுகள் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்குப் பயம் இல்லை. மாந்தோன் எலுமிச்சைக்குப் பேர்போனது; ஊரும் மெதுவாக நடக்கிறது, பெரியவர்களுக்குப் பிடிக்கும். மலை உச்சியில் தொங்கும் ஏஸ் கிராமத்துக்கு நீஸிலிருந்து பஸ்ஸில் போங்கள். ஏஸ் ரயில் நிலையத்திலிருந்து தத்துவ அறிஞர் நீட்ஷே பெயரில் ஒரு மலைப்பாதை ஏறுகிறது. தத்துவம் யோசிக்க ஏற்ற ஏற்றம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஏறும் ஏற்றமல்ல.

எல்லை தாண்டி வெந்திமிலியாவில் வெள்ளிக்கிழமை பெரிய சந்தை. அன்று ரயிலில் நிற்க இடமிருக்காது, ஜேப்படிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பையை முன்னால் மாட்டுங்கள். பெயர்பெற்ற கம்பெனிகளின் போலிக் கைப்பைகளை வாங்கினால் இத்தாலியில் வாங்கியவருக்கும் அபராதம் உண்டு. திரும்பும்போது பிரெஞ்சுப் போலீஸ் ரயிலில் ஏறி அடையாளம் கேட்பது வழக்கம். நம் நிறத்துக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் முன்னதாகவே வரும். குடியிருப்பு அட்டையோ பாஸ்போர்ட்டோ, நகலாக இல்லாமல் அசலாகவே கையில் வைத்திருங்கள். பிள்ளைகளுடையதும்.

நேரம் மிஞ்சினால் கான் வழியாக க்ராஸுக்குப் போங்கள். அத்தர்த் தொழிலின் ஊர். சில வாசனைத் தொழிற்கூடங்களைக் கட்டணமின்றிச் சுற்றிக்காட்டுகிறார்கள். அங்கே ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை விடியற்காலையில் பறிக்கும் மல்லிகை, நம் ஊர் ஜாதிமல்லிதான். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விளையும் அதே பூவின் சாறும் வாசனைத் தொழிலுக்காக ஏற்றுமதியாகிறது. மாமியார் மாதிரிச் சீட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, விலையைக் கேட்டு, சீட்டை மட்டும் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டார்.

ஊருக்கு எடுத்துப்போக வாசனைப் புட்டியைவிட ஆலிவ் எண்ணெய் டின் வாங்குங்கள். ரயிலில் வருகிறவர்களுக்குத் தொல்லையில்லை. விமானத்தில் போகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள், இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி.