வேலையில் எது உங்களை அரிக்கிறது? கொப்பி போட்டுப் பிடிக்கலாம்

எங்கள் பக்கம் யாரும் "எனக்கு மன அழுத்தம்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "ஒரே யோசனை", "தலையிடி விடுதில்லை", "விசராக் கிடக்கு", இப்படித்தான் வரும். வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2009 போரைத் தாண்டி வந்தவர்களிடம் போய் வேலைக் களைப்பைப் பற்றிக் கதைத்தால், "அதையே கடந்தாச்சு, இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். நானும் எனக்கே அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு வருடம் வயிற்றெரிவுக்குக் குளிசை போட்டேன்.

சரி, எங்கே தொடங்குவது? ஒரு 40 பக்கக் கொப்பி போதும். இரண்டு கிழமைக்கு, நெஞ்சு படபடக்கிறபோதோ வீட்டில் யாரிலாவது எரிந்து விழுகிறபோதோ, நேரத்தையும் அதற்குச் சற்று முன் நடந்ததையும் ஒரு வரியில் எழுதுங்கள். காரணத்தை எழுதவே வேண்டாம், ஏனென்றால் கேட்டவுடன் வாயில் வருகிற காரணம் எப்போதோ முடிவுகட்டி வைத்ததாகத்தான் இருக்கும்.

நான் முடிவுகட்டி வைத்திருந்தது மாதக் கடைசி ரிப்போட். 14 நாள் கழித்துக் கொப்பியைப் புரட்டினால் ரிப்போட் இரண்டே இடத்தில். ஆறு இடத்தில் இரவு எட்டரை மணி! மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற நேரம் பார்த்து, கந்தோர் வாட்ஸ்அப் குரூப்பில் "நாளை காலை 9 மணிக்கு முன் அனுப்பவும்" என்று வந்து விழும். கேட்பது போன கிழமை கொடுத்த அதே பயனாளிகள் பட்டியல்தான், இந்தமுறை வேறு ஃபோமில், வேறு அதிகாரிக்கு. பட்டியல் அரை மணித்தியால வேலை. கேட்கிற மூன்று அதிகாரிகளில் யார் சொன்னதை முதலில் செய்வது, யாரிடம் ஏச்சு வாங்குவது என்ற யோசனைதான் விடியும்வரை ஓடும்.

எழுதி முடிந்ததும் ஒவ்வொரு வரியையும் எதில் சேர்ப்பது என்று பாருங்கள். பிரித்தானியாவின் வேலைத்தளப் பாதுகாப்பு நிறுவனம் ஆறு வகை சொல்கிறது: வேலையின் அளவு, அதில் உங்கள் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது, கிடைக்கிற உதவி, ஆட்களோடு உள்ள உறவு, பொறுப்பில் தெளிவு, திடீர் மாற்றங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் ஆட்கள் தவறவிடுகிறார்கள். பக்கத்து வளவுத் தங்கச்சி விடிய ஐந்து மணிக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறவள். டார்கெட்தான் அவளை வாட்டுகிறது என்று நினைத்திருந்தேன். "டார்கெட் அடிச்சுடுவன் அண்ணா, பாத்ரூம் போகக் கேட்டுக்கொண்டு நிக்கிறதுதான்..." என்றாள். வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதியதும் இதே விஷயம்: கனக்க வேலையும், அதை எப்படிச் செய்வதென்று முடிவெடுக்க இடமில்லாமையும் சேருகிற இடத்தில்தான் ஆள் கூடுதலாக நசிகிறான்.

அப்புறம், வேலையில் வெடிக்கிற எல்லாம் வேலையில் முளைத்ததில்லை. கிழமை லோன் கட்டுகிற நாளில் மட்டும் கை நடுங்கினால் சுப்பர்வைசரைக் குறை சொல்லிப் பயனில்லை. மே மாதத்தில் எழுதுகிற கொப்பியையும் தனியாக வையுங்கள். போர் முடிந்த அந்த மாதம் எங்கள் எல்லாருக்கும் வேறு கணக்கு.

காரணம் பிடிபட்டால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, திகதியோடு போய்க் கதையுங்கள். "வேலை கூடிப்போச்சு சேர்" என்றால் "எல்லாருக்கும்தானே" என்று முடித்துவிடுவார். "சேர், இந்தப் பட்டியலை இந்த மாதம் மூன்று தரம் கொடுத்திருக்கிறேன், ஒரே ஃபோமாக்கலாமா?" என்றால் ஏதாவது பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கடையிலோ தனியார் கந்தோரிலோ நிற்கிற தம்பிமார், இலங்கையின் 1954-ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று சொல்வதையும் மனதில் வைத்திருங்கள். நித்திரை கிழமைக்கணக்கில் இல்லையென்றால், செத்துவிடலாம் போல் இருந்தால், கொப்பியை மூடிவிட்டு 1926-க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

நான் இரவு ஏழு மணிக்குப் பிறகு குரூப்பை மியூட்டில் போடத் தொடங்கி நாலு மாதம். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. பட்டியலை இப்போது இரண்டு பேர்தான் கேட்கிறார்கள்.