மீசோதீலியோமா: கொங்குப் பகுதிக் குடும்பங்கள் சிகிச்சையை அணுகும் முறை

நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியே காரணம். புகைப்பழக்கத்தால் இந்நோய் வருவதில்லை. தூசியைச் சுவாசித்த காலத்துக்கும் நோய் வெளிப்படும் காலத்துக்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் வரை கழிந்துவிடுவதால், நோயாளிக்கே அந்தப் பழைய வேலை மறந்துபோயிருக்கும். ஆகவே மருத்துவரைப் பார்க்குமுன் வேலை வரலாற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரிப் பட்டறையில் பிரேக் லைனர் தேய்த்தது, கோவை மில்லில் பாய்லர் குழாய்க்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியது, பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக்குடோன்களுக்குச் சிமெண்ட் சீட்டு அறுத்துக் கூரை போட்டது என எதுவானாலும் ஆண்டுக் கணக்கோடு அதில் இருக்க வேண்டும். கணவரின் வேலைத் துணியை உதறித் துவைத்த பெண்களுக்கும் இந்நோய் வரக்கூடும் என்பதால், நோயாளி பெண்ணாக இருந்தால் கணவரின் வேலையையும் தந்தையின் வேலையையும் சேர்த்து எழுத வேண்டும்.

மூச்சு வாங்குவதும், ஒரு பக்க நெஞ்சு வலியும், நெஞ்சில் நீர் கோத்துக்கொள்வதும் வழக்கமான அறிகுறிகள். நெஞ்சில் நீர் என்றதும் காசநோய் என்று நினைப்பது நம் ஊர்களில் இயல்பு. பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கிருமி உறுதிப்படாமலேயே காசநோய் மாத்திரை தொடங்கப்பட்டு, அதன் பிறகும் எடுக்க எடுக்க நீர் சேர்ந்துகொண்டே இருந்தால், ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்கலாகாது. எடுத்த நீரை மட்டும் சோதித்து இந்நோயை உறுதி செய்வது கடினம். நெஞ்சுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் தோராக்கோஸ்கோப்பி வழியாக உறையிலிருந்தே சதைத் துண்டு எடுத்து, கால்ரெட்டினின் போன்ற புரதக் குறியீடுகளைப் பார்க்கும் சிறப்புச் சோதனையும் செய்ய வேண்டும். அறிக்கையில் நோயின் வகை, அதாவது எபிதீலியாய்டா, சார்க்கோமட்டாய்டா, இரண்டும் கலந்ததா என்பது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பின்வரும் முடிவுகள் பலவும் அதைப் பொறுத்தவை. இது அரிய நோய் என்பதால் இன்னொரு நோயியல் வல்லுநரின் கருத்தும் அவசியம். அதற்கு ஆய்வகத்திலிருந்து பிளாக்குகளையும் (மெழுகில் பதித்த சதைத் துண்டுகள்) ஸ்லைடுகளையும் பெற்று, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ கொண்டு செல்லலாம். புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவர் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையின் சான்று வேண்டும்.

அடுத்து எல்லோரும் கேட்பது, ஆபரேஷன் செய்து எடுத்துவிட முடியாதா என்பது. பிரிட்டனில் நடந்து 2024-இல் வெளியான மார்ஸ் 2 ஆய்வில், கீமோவுடன் பெரிய அறுவை சிகிச்சையும் பெற்றவர்களைவிடக் கீமோ மட்டும் பெற்றவர்களே கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். எனவே உடனே அறுவை என்று யாரேனும் சொன்னால், நெஞ்சு அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து முடிவெடுக்கும் டியூமர் போர்டில் இந்நோயாளி பற்றிப் பேசப்பட்டதா என்று தயங்காமல் கேளுங்கள். வயிற்று உறையில் வரும் மீசோதீலியோமா வேறு கதை; கட்டிகளை அகற்றி, சூடேற்றிய கீமோ மருந்தை வயிற்றுக்குள் செலுத்தும் ஹைபெக் முறை தகுந்த நோயாளிகளுக்கு நல்ல பலன் தருகிறது.

நெஞ்சு நோய்க்கு நெடுங்காலமாக நிலைத்த சிகிச்சை, 21 நாளுக்கு ஒருமுறை தரப்படும் பெமெட்ரெக்செட், சிஸ்பிளாட்டின் கூட்டு. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாகக் கார்போபிளாட்டின் தருவார்கள். முதல் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்கியாக வேண்டும். இதை வெறும் சத்து மாத்திரை என்று விட்டுவிட்டால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். மூட்டு வலிக்கென்று மெடிக்கலில் நேரே வாங்கும் வலி மாத்திரைகளையும் இக்காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது. நிவோலுமாப், இபிலிமுமாப் என்னும், உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் 2020 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. குறிப்பாகச் சார்க்கோமட்டாய்டு வகையினருக்குக் கீமோவைவிட மேலானவை. செலவு மிக அதிகம் என்பதால், நிலத்தை விற்பதற்கு முன் தம் நோயாளிக்கு எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்பது குடும்பத்தின் உரிமை.

நீர் கோப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். வாரம்தோறும் ஊசி குத்தி எடுப்பதைவிட, டால்க் தூள் செலுத்தி உறைகளை ஒட்டவைப்பதோ, வீட்டிலேயே நீரை வடிக்கும் குழாயைப் பொருத்துவதோ நோயாளிக்கு எளிது. வலித்தணிப்பு மருத்துவரைத் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். வலுவான வலி மருந்தான மார்ஃபின் என்றதும் கடைசிக் கட்டம் என்று உறவினர் கலங்குவது தேவையற்றது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம்; எந்த மருந்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் விதிகளில் தொழில்சார் நோயாக இடம்பெற்றிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் ஆணையிட்டது. அத்தகைய ஆலையில் வேலை செய்தவராயின், அப்பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேட்டு, இ.எஸ்.ஐ. எண், பழைய சம்பளச் சீட்டு, பயாப்சி (சதைத் துண்டுச் சோதனை) அறிக்கை ஆகியவற்றோடு, முதலில் எழுதிய வேலை வரலாற்றுத் தாளையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.